தொலைந்த கம்ப்யூட்டரும் தொலையாத பாக்கியும்



கல்லாவுக்கு ஒரு பூட்டு, கிட்டங்கிக்கு இரண்டு பூட்டு என்று பழகியவர்கள் நாம். ஆனால் பேரேடு, சிட்டை, ஜி.எஸ்.டி. கணக்கு அத்தனையும் அடங்கிய லேப்டாப்புக்கு என்ன காவல் வைத்திருக்கிறோம்? எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

2023 மார்ச் கடைசியில் கணக்கு முடிக்க மதுரைக்குப் போனேன். ஆடிட்டர் வெளியூர் போயிருந்ததால் பஸ்ஸில் திரும்பினேன். பையை மேலே வைத்துவிட்டுக் கண் அயர்ந்தேன். விருதுநகரில் இறங்கும் அவசரத்தில் பையை மறந்தேன். டிப்போ வரை விசாரித்தும் கிடைக்கவில்லை.

"அப்பா, 'ஃபைண்ட் மை டிவைஸ்' போட்டு வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டான் மகன். அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். விற்றவர் தம்முடைய மின்னஞ்சலைப் போட்டுத் தந்திருந்தார். அந்த வசதியும் அணைந்தே கிடந்தது.

விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் இந்த வசதி 2015 நவம்பர் முதல் இருக்கிறது. தனிக் காசு கிடையாது. விண்டோஸ் 11 வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதிக்குப் போய் 'லொகேஷன்', 'ஃபைண்ட் மை டிவைஸ்' இரண்டையும் ஆன் செய்ய வேண்டும். கம்ப்யூட்டர் உங்கள் சொந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் திறந்திருக்க வேண்டும். ஆப்பிள் கம்ப்யூட்டர் என்றால் ஐகிளவுட் பகுதியில் 'ஃபைண்ட் மை மேக்'.

இது எப்படி வேலை செய்கிறது? பெரும்பாலான லேப்டாப்பில் செல்போன் போல ஜி.பி.எஸ். கிடையாது. சுற்றியுள்ள வைஃபை பெட்டிகளின் அடையாளத்தைக் கொண்டு தான் இருக்கும் இடத்தைக் கணித்து அனுப்புகிறது. தொலைந்தபின் வேறொரு போனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, 'டிவைசஸ்' பகுதியில் பார்த்தால் வரைபடத்தில் இடம் தெரியும். அங்கிருந்தே பூட்டவும் செய்யலாம்.

குறையையும் சொல்ல வேண்டும். மூடிக் கிடந்தாலோ, இணையம் இல்லாவிட்டாலோ, கடைசியாக இருந்த இடம்தான் தெரியும். திருடியவன் எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றினால் இந்த வழி அடைபட்டுவிடும். ஆகவே தொலைந்தது தெரிந்த உடனேயே பார்க்க வேண்டும். ஆப்பிளில் 2019 முதல், இணையம் இல்லாவிட்டாலும் அருகிலுள்ள பிறருடைய ஆப்பிள் கருவிகள் வழியாக இடம் தெரிய வாய்ப்புண்டு.

இடம் தெரிந்தால் நாமே போய்க் கதவைத் தட்டக் கூடாது. வரைபடப் புள்ளி பக்கத்து வீட்டையும் காட்டும்; குற்றமற்றவரைச் சந்தேகிக்க நேரும். வாங்கிய பில், சீரியல் நம்பர், வரைபடப் படம் மூன்றையும் கொண்டு காவல் நிலையம் போவதே முறை. கையோடு மின்னஞ்சல், வங்கி, ஜி.எஸ்.டி. பாஸ்வேர்டுகளை மாற்றிவிடுங்கள்.

என் லேப்டாப் இன்றுவரை கிடைக்கவில்லை. போனது பொருள் மட்டுமா? ஆடிட்டரிடம் இருந்த நகல் ஜனவரியோடு சரி. பிப்ரவரி விற்பனை விவரம் ஜி.எஸ்.டி. தளத்தில் இருந்தது, யார் எவ்வளவு கட்டினார், யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது எங்கும் இல்லை. வெட்கத்தை விட்டு, சில்லறைக் கடைக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் போன் செய்து, உங்கள் பாக்கியை நீங்களே சொல்லுங்கள் என்றேன்.

மறுநாள் காலையில், கிராமத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். "அண்ணாச்சி, உங்க கம்ப்யூட்டர் தொலைஞ்சா என்ன, என் நோட்டு இருக்கு. 18,400 ரூபாய் தரணும்" என்று எண்ணி வைத்தார். ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். வராதவர் இரண்டே பேர்.

நம் தொழிலின் முதல் நாணயந்தான். ஆனாலும் பிறருடைய நாணயத்தை நம்பி நம் கவனத்தைக் குறைத்துக்கொள்ளலாமா? இன்று கடை சாத்துவதற்கு முன் மகனையோ பேத்தியையோ கூப்பிட்டு அந்த வசதியை ஆன் செய்யச் சொல்லுங்கள். தினக் கணக்குக்கு வெளியே ஒரு நகல் வையுங்கள். சீரியல் நம்பரைப் பழைய சிட்டைப் புத்தகத்தில் கைப்பட எழுதி வையுங்கள். பத்து நிமிட வேலைதான்.