கோடுகளில் வளரும் ஊக்கம்

ஓவியம் கற்போர் பலருக்குத் தொடக்கத்தில் இருக்கும் ஊக்கம் நாளடைவில் குறைந்துவிடுகிறது. மதியிறுக்கம், கவனச்சிதறல் போன்ற நிலைகளைக் கொண்ட மாணவர்களுக்கு இச்சவால் இன்னும் பெரிது. விருப்பமில்லாத ஒன்றையே திரும்பத் திரும்ப வரையச் சொன்னால் அவர்கள் விரைவில் சோர்ந்துவிடக்கூடும். ஆனால், மனம் ஒன்றிவிட்டால் அவர்களிடம் வெளிப்படும் ஈடுபாடு வியக்கத்தக்கது.

1974ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்த ஓவியர் ஸ்டீவன் வில்ட்ஷயர் இதற்குச் சான்றாவார். மதியிறுக்கம் கொண்ட இவர், சிறு வயதில் பேசவில்லை. வரைவதே இவரது மொழியாக இருந்தது. வாய்திறந்து கேட்கட்டும் என்று ஆசிரியர்கள் வரைபொருள்களைச் சிறிது காலம் எடுத்து வைத்தனர். அவர் முதலில் சொன்ன சொல் 'தாள்' என்பதாகும். கட்டடங்கள்மீது அவருக்கிருந்த ஆர்வம் குன்றவே இல்லை. பின்னர், ஓவியக் கல்லூரியிலும் முறையாகப் பயின்றார். 2014ஆம் ஆண்டு, சிங்கப்பூரை ஹெலிகாப்டரிலிருந்து பார்த்து, நான்கு மீட்டர் நீளமுள்ள தாளில் ஐந்து நாள்களில் நினைவிலிருந்தே வரைந்து முடித்தார்.

அத்தகைய நினைவாற்றல் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. எனினும், பிடித்த பொருளிலிருந்து தொடங்குவது யாவருக்கும் கைகொடுக்கும். நீண்ட நேரம் அமர இயலாதவர் பத்து நிமிடம் வரைந்துவிட்டு ஓய்வெடுக்கலாம். பென்சில் உராயும் ஓசை பிடிக்காதவர் தூரிகையைப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு படத்திலும் தேதியிட்டுச் சேர்த்து வைத்தால், வளர்ச்சி கண்ணுக்குத் தெரியும். பிறர் வரைந்த படத்தோடு ஒப்பிடாமல், தம் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பவரின் ஊக்கம் எளிதில் வற்றிவிடாது.