பூசணம் தந்த புதையல்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் வசிப்பவர்களுக்கு ஜப்பானியப் பெயர்கள் புதியவை அல்ல. ஒரகடத்தில் கோமாட்சுவின் கனரக இயந்திரங்கள், வல்லம் வடகாலில் யமஹாவின் இருசக்கர வண்டிகள்! ஜப்பான் என்றாலே இரும்பும் இயந்திரமும்தான் என்று நினைக்கத் தோன்றும். ஆனால், அதே வட்டாரத்து மருந்துக் கடைகளில் விற்கும் கொலஸ்டிரால் மாத்திரையிலும் ஜப்பானின் கைவண்ணம் இருக்கிறது. அது இரும்பிலிருந்து பிறந்ததல்ல, பூசணத்திலிருந்து பிறந்தது!

சோற்றை நன்றாக மென்றால் இனிக்கிறதல்லவா? உமிழ்நீரிலுள்ள ஒரு பொருள் மாவுச் சத்தைச் சர்க்கரையாக மாற்றுவதே காரணம். இத்தகைய பொருள்களுக்கு 'நொதி' என்று பெயர். ஆங்கிலத்தில் 'என்ஸைம்' என்பார்கள். இதே வேலையைச் செய்யும் ஒரு பூசணத்தை ஜப்பானியர் பல நூற்றாண்டுகளாக வளர்த்து வருகிறார்கள். வேகவைத்த அரிசியில் அதைப் படரவிட்டால் கிடைப்பது 'கோஜி'. அவர்களுடைய 'சாக்கே' என்ற மதுவுக்கும், சோயா சாறுக்கும் அதுவே மூலதனம்.

தீயில் எரிந்த கனவு

இந்தச் சமையலறைப் பொருளை உலகச் சந்தைக்குக் கொண்டுபோனவர் ஜோகிச்சி தகாமினே. 1854-ல் பிறந்தவர். தந்தை வைத்தியர், தாயார் சாக்கே வடிக்கும் குடும்பத்துப் பெண். 1890-ல் அவர் அமெரிக்காவுக்குக் குடியேறினார். அங்கே விஸ்கி வடிப்பவர்கள் முளைகட்டிய தானியத்தைப் பயன்படுத்தி வந்தார்கள். அதற்குப் பதிலாகக் கோஜியைப் பயன்படுத்தலாம் என்று காட்டினார் தகாமினே. முளைதானிய வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? எதிர்ப்புக் கிளம்பியது. 1891-ல் பியோரியா நகரில் இருந்த அவருடைய ஆலை தீக்கிரையாயிற்று. போதாததற்கு, கல்லீரல் நோயும் அவரை வாட்டியது.

மனிதர் சோர்ந்துவிடவில்லை. கோதுமைத் தவிட்டில் பூசணத்தை வளர்த்து, அதன் நொதியைப் பிரித்தெடுத்தார். 1894-ல் காப்புரிமை பெற்றார். 'டாகா டயஸ்டேஸ்' என்ற பெயரில் அது ஜீரண மருந்தாக உலகெங்கும் விற்பனையாயிற்று. ஜப்பானில் அதை விற்பதற்காக 1899-ல் தோன்றிய வியாபாரமே, பின்னாளில் 'சாங்க்யோ' என்ற பெரிய மருந்துக் கம்பெனியாக வளர்ந்தது.

ஆறாயிரம் பூசணங்கள்

அந்தக் கம்பெனியில் 1957-ல் வேலைக்குச் சேர்ந்தார் அகிரா எண்டோ என்ற விவசாயக் குடும்பத்து இளைஞர். பழச்சாற்றைத் தெளிய வைக்கும் நொதியைப் பூசணங்களில் தேடுவதே அவருடைய முதல் வேலை. பின்னர் மேற்படிப்புக்காக நியூயார்க் சென்றவர், மாரடைப்பு அங்கே எத்தனை உயிர்களைக் கொள்ளை கொள்கிறது என்பதைக் கண்டார்.

கொலஸ்டிராலை நம் உடலே தயாரிக்கிறது. அந்த வேலைக்கும் ஒரு நொதி தேவை. அதைத் தடுத்து நிறுத்தும் பொருளை ஏதாவது ஒரு பூசணம் சுரக்காதா? இந்தக் கேள்வியுடன் 1971-ல் தேட ஆரம்பித்தார் எண்டோ. சுமார் ஆறாயிரம் வகைகளைச் சோதித்தார். 1973-ல், அரிசியில் வளர்ந்த நீலப் பச்சைப் பூசணம் ஒன்றில் அந்தப் பொருள் அகப்பட்டது!

ஆனால் சோதனை அத்துடன் தீரவில்லை. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், பலனில்லை. முட்டையில் கொலஸ்டிரால் மிகுதி. ஆகவே கோழியின் உடலிலும் அது மிகுதியாக உற்பத்தியாக வேண்டும். அப்படியானால் கோழிக்குக் கொடுத்துப் பார்த்தால் என்ன? கொடுத்தார்கள். கொலஸ்டிரால் பாதியளவு குறைந்தது! 1978-ல் ஒஸாகாவில் டாக்டர் யமமோட்டோ நோயாளிகளுக்குக் கொடுத்தபோதும் நல்ல பலன் தெரிந்தது.

கரை சேரும் சமயத்தில் புயல் அடித்தது. நாய்களுக்கு அளவு மீறிக் கொடுத்துச் செய்த சோதனையில், புற்றுநோய் உண்டாகுமோ என்ற சந்தேகம் எழுந்தது. 1980-ல் சாங்க்யோ அந்த மருந்தைக் கைவிட்டுவிட்டது. அதே இனத்தைச் சேர்ந்த வேறொரு மருந்தை அமெரிக்காவின் மெர்க் கம்பெனி 1987-ல் வெளியிட்டது. அன்று தொடங்கிய 'ஸ்டாட்டின்' மருந்துகளை இன்று உலகெங்கும் கோடிக்கணக்கானோர் உட்கொள்கிறார்கள். எண்டோவுக்கு 2008-ல் லாஸ்கர் பரிசு கிடைத்தது. நோபல் பரிசோ கடைசி வரை வரவில்லை. 2024-ல் தமது தொண்ணூறாவது வயதில் அவர் காலமானார்.

கப்பலில் வராத சரக்கு

கெட்டுப்போனது என்று நாம் வீசியெறியும் பூசணத்தில் ஒருவர் ஜீரண மருந்தைக் கண்டார். இன்னொருவர் இருதயத்தைக் காக்கும் மருந்தைக் கண்டார். இருவருக்கும் தோல்வி வந்தது. இருவரும் தேடுவதை நிறுத்தவில்லை.

ஒரகடத்துக்கு இயந்திரங்களைக் கப்பலில் கொண்டுவர முடிந்தது. ஆறாயிரம் பூசணங்களைப் பொறுமையோடு சோதிக்கும் மனத்தை அப்படிக் கொண்டுவர முடியாது. அதை நம் பள்ளிக்கூடங்களிலும் ஆராய்ச்சிசாலைகளிலும் நாமேதான் வளர்த்தாக வேண்டும். அது வளர்ந்துவிட்டால், நம் வீட்டு மாவுப் பானையிலும் ஒரு புதையல் அகப்படக் கூடும். யார் கண்டார்கள்?