மழைக்காலத்தில் வயற்காமிராவின் பாதுகாப்பு

செங்கற்பட்டு, காஞ்சீபுரம் ஜில்லாக்களின் சம்பாப் பயிர் பெரும்பாலும் வடகிழக்குப் பருவ மழையையும் அதனால் நிரம்பும் ஏரிகளையும் நம்பியே நிற்பது. அக்டோபர் முதல் டிஸம்பர் வரையில் மறைமலை நகர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பிரதேசங்களில் காற்றில் ஈரம் மிகுந்திருக்கும். இம்மாதங்களில் வித்தையும் வைக்கோலையும் எவ்விதம் ஈரத்தினின்று காக்க வேண்டும் என்பதைக் குடியானவர்கள் பாட்டன் காலத்திலிருந்தே அறிவார்கள். ஆனால் அண்மையில் அவர்கள் கைக்கு வந்து சேர்ந்திருக்கும் வேறொரு கருவியைப் பற்றி அத்தகைய பரம்பரை அறிவு இல்லை. அக்கருவி காமிரா, பெரும்பாலோரிடத்தில் அது கைப்பேசிக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

காமிராவுக்கும் வேளாண்மைக்கும் என்ன சம்பந்தம் என்று இனி ஒருவரும் கேட்பதற்கில்லை. 1980-ஆம் வருஷத்தில் கர்ணம் பதவி ஒழிக்கப்படும் வரையில் அடங்கல் கணக்கு மையும் பேனாவுமாக நடந்து வந்தது. 2024-ஆம் வருஷம் நவம்பர் மாதத்திலோ, தமிழ்நாட்டில் வேளாண் கல்லூரி மாணவர்கள் கைப்பேசியுடன் வயல்களுக்கு அனுப்பப்பட்டு, உட்பிரிவு வாரியாகப் பயிரைப் படம் பிடித்துப் பதியும் கணக்கெடுப்பு நடைபெற்றது. மழை மாதத்திலேயே அவ்வேலை நடந்தது என்பது கவனிக்கத்தக்கது. மேலும், 2016-ஆம் வருஷம் முதல் நடந்து வரும் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், தனி வயல்களுக்கு நேரும் சில வகைச் சேதங்களை 72 மணி நேரத்துக்குள் அறிவித்தாக வேண்டும். அந்த மூன்று நாட்களும் எப்பேர்ப்பட்ட நாட்கள் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். புயலும் அடைமழையும் ஓயாத நாட்கள், பாதையெல்லாம் நீர். சேதத்தைக் காட்ட வேண்டிய படத்தை எடுக்கும் கருவி அன்றைக்கே நீர் குடித்துச் செத்துப்போனால், குடியானவருக்கு நஷ்டம் இரட்டிப்பாகிறது.

நீர் இக்கருவிகளைக் கெடுக்கும் விதம் யாதெனில், சுத்தமான நீர் மின்சாரத்தை அதிகமாகக் கடத்துவதில்லை. ஆனால் வயலில் சுத்தமான நீர் ஏது? வாய்க்கால் நீரில் உப்புக்களும் உரமும் கரைந்திருக்கின்றன. அந்நீர் உள்ளே புகுந்து, பாட்டரியின் மின்சாரமும் ஓடிக்கொண்டிருக்குமானால், தலைமயிரினும் மெல்லிய செப்புத் தடங்கள் சில மணி நேரத்தில் அரிக்கப்பட்டுப் பச்சை பூக்கத் தொடங்கும். யூரியா சிதைந்தால் அம்மோனியா உண்டாகும். அம்மோனியா செம்பையும் பித்தளையையும் தின்னும் குணமுடையது. மருந்து தெளிக்கும் கருவியின் பித்தளை மூக்கைக் கழுவாமல் வைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. ஆகவே, உரம் போட்ட கையோடு கைப்பேசியைத் தொடுவது, மழையில் நனைப்பதினும் கெடுதலானது.

விற்பனைக்கு வரும் கைப்பேசிகளில் பல, நீரைத் தடுக்கும் என்று சொல்லி ஓர் எண்ணைத் தாங்கி வருகின்றன. ஐ.பி. 67, ஐ.பி. 68 என்பன போன்ற இவ்வெண்கள் ஐ.இ.ஸி. 60529 என்னும் சர்வதேசத் தரவிதியைச் சார்ந்தவை. இந்தியாவிலும் அவ்விதியே தரமாக ஏற்கப்பட்டிருக்கிறது. முதல் இலக்கம் தூசியைக் குறிக்கும். 6 என்றால் தூசி அறவே புகாது. இரண்டாவது இலக்கம் நீரைக் குறிக்கும். 4 என்றால் எப்பக்கத்தினின்றும் தெறிக்கும் நீரைத் தாங்கும். 5, 6 என்றால் குழாயினின்று பீய்ச்சும் நீரைத் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிஷம் மூழ்கியிருந்தாலும் கெடாது. 8 என்றால் அதற்கு மேலும், செய்தவர்கள் குறிக்கும் ஆழமும் நேரமும் வரை தாங்கும்.

இவ்விடத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். 7 பெற்ற கருவி 5-க்கும் 6-க்கும் உரிய சோதனையில் தேறியதாகக் கொள்ளலாகாது. அவை வெவ்வேறு சோதனைகள். கிணற்றுத் தொட்டியில் விழுந்து பிழைத்த கைப்பேசி, டிராக்டர் கழுவும் குழாய் நீரில் கெடலாம். சோதனையோ புதிய கருவிக்கு, அசையாத நன்னீரில் செய்யப்படுவது. சோப்பு நீர், உப்பு நீர், சேற்று வெள்ளம் ஆகியவற்றுக்கு அந்த எண் பொறுப்பாகாது. நீரை வெளியே நிறுத்துவது உள்ளே ஒட்டப்பட்ட மெல்லிய பசைப் பட்டையும் ரப்பர் வளையங்களுமே. நாட்பட்டால் பசை இளகும். கீழே விழுந்து கண்ணாடி கீறினாலோ, கடைக்காரர் திரை மாற்றத் திறந்தாலோ அக்காப்பு போயிற்றென்றே கருத வேண்டும். பழுது பார்த்த கைப்பேசியை ஐ.பி. எண்ணை நம்பி மழையில் நீட்டுவோர் தொகை சிறிதன்று.

இக்கருவிகள் பிறக்கும் இடம் நம் வயல்களுக்கு அடுத்தாற்போலவே இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2006 முதல் 2014 வரை நடந்தது. பாக்ஸ்கான் ஆலை அங்கே ஐபோன்களை இணைக்கிறது. மறைமலை நகரை அடுத்த மகிந்திரா நகரத்தில் 2022-ல் மற்றோர் ஆலை தொடங்கிற்று. கைப்பேசிப் பலகைகளில் பொருத்தும் சில்லுகள் ஈரம் புகாத உறையில், ஈரம் உறிஞ்சும் பொட்டணத்தோடும் நிறம் மாறிக் காட்டும் அட்டையோடும் அடைத்து அனுப்பப்படுகின்றன. உறை பிரிந்து அதிக நேரம் ஈரக்காற்றில் கிடந்த சில்லை, பற்றவைக்கும் முன்னர் அடுப்பில் உலர்த்த வேண்டும். இல்லையேல் பற்றவைக்கும் சூட்டில் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிச் சில்லைப் பிளந்துவிடும். நெல் பொரிவதும் இதே காரியம்தான்.

நீரில் விழாமலே கருவி கெடுவதும் உண்டு. 30 டிகிரி வெப்பமும் நூற்றுக்கு 75 பங்கு ஈரமும் உள்ள காற்று, சுமார் 25 டிகிரிக்குக் குளிர்ந்த பொருளைத் தொட்டால் அதன்மேல் பனித்து நிற்கும். குளிர்சாதனம் வைத்த காரினின்று இறங்கி உடனே வரப்பில் காமிராவை எடுப்பவர் கண்ணாடி மங்குவது இதனாலேயே. இந்தப் பனிப்பு காமிராவின் உட்பக்கத்திலும் உண்டாகலாம். கருவியைப் பையோடு வெளியே வைத்து, கால் மணி அல்லது அரை மணி கழித்துப் பையைத் திறப்பது போதும்.

இதனினும் மெள்ள நாசம் செய்வது பூஞ்சைக் காளான். இரண்டாம் உலகப் போரில் நியூ கினியின் காடுகளில் படையினரின் தூரதிருஷ்டிக் கண்ணாடிகள் காளானால் குருடாயின. ஆஸ்திரேலிய சாஸ்திரிகள் அதை ஆராய்ந்து மருந்து தேட வேண்டியதாயிற்று. காளானின் வித்துக்கள் எங்கும் காற்றில் உள்ளவை. கண்ணாடியில் படிந்த தூசியும் விரல் எண்ணெயுமே அதற்கு உணவு. அது கக்கும் அமிலம் கண்ணாடியின் பூச்சைப் பொறித்துவிட்டால் பிறகு துடைத்துப் பயனில்லை. தோல் உறை பார்வைக்கு அழகுதான். ஆனால் ஈரத்தைப் பிடித்து வைப்பதற்கு அதைப்போல வேறொன்றில்லை. கழற்றி மாட்டும் கண்ணாடியுள்ள பெரிய காமிராவை, மூடி இறுகிய டப்பாவில் ஸிலிகா ஜெல் பொட்டணத்தோடு வைத்து, ஈரத்தை நூற்றுக்கு 40 முதல் 50 பங்குக்குள் நிறுத்தினால் காளான் பிடிக்காது. ஈரமானியும் ஸிலிகா ஜெல்லும் மலிவாகவே கிடைக்கும். நிறம் மாறிய ஸிலிகா ஜெல்லை அடுப்பில் உலர்த்தினால் மீண்டும் உபயோகமாகும்.

இத்தகைய பெரிய காமிராக்கள் சிலவற்றை மழைக்குத் தாங்குபவை என்று விற்கிறார்கள். உடல் தாங்கினாலும், மாட்டும் கண்ணாடியும் அடிவளையத்தில் ரப்பர் உள்ளதாக இருந்தாலன்றிப் பயனில்லை. நீண்டு சுருங்கும் கண்ணாடி ஒவ்வொரு முறையும் துருத்திபோல் வெளிக்காற்றை உள்ளிழுக்கும் என்பதும் நினைவிருக்க வேண்டும்.

நனைந்துவிட்டால் செய்ய வேண்டியது: முதலில் அணைக்க வேண்டும். வேலை செய்கிறதா என்று திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்ப்பதே அநேகக் கருவிகளின் சாவுக்குக் காரணம். பாட்டரியும் நினைவு அட்டையும் கழற்றக்கூடியவையானால் கழற்ற வேண்டும். சேறோ உப்போ பட்டிருந்தால், நீர் தாங்கும் கருவியை மட்டும் நல்ல நீரில் மெதுவாக அலசலாம். துளை கீழ்நோக்க உள்ளங்கையில் மெல்லத் தட்டி, காற்றோட்டமான நிழலில் ஒரு நாளேனும் வைக்க வேண்டும். வெயிலும் அடுப்புச் சூடும் பசையை இளக்கும். அரிசிப் பானைக்குள் புதைப்பது ஊரெங்கும் பரவிய வழக்கம். அரிசி அத்தனை ஈரம் உறிஞ்சுவதன்று; அதன் மாவுத்தூள் துளைகளில் புகும். ஆப்பிள் கம்பெனியாரும் தம் குறிப்பில் இதை விலக்குகிறார்கள். ஈரமுள்ள துளையில் சார்ஜர் மாட்டுவது மின்னரிப்பை விரைவுபடுத்தும். வெள்ளத்தில் ஊறி உப்பிய பாட்டரியை வைக்கோற்போர், வீடு இவற்றுக்கு அப்பால் வைக்க வேண்டும். அது தீப்பிடிக்கக் கூடியது.

2015-ஆம் வருஷம் டிஸம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் ஒரே நாட்பொழுதில் 49 செண்டிமீட்டர் மழை பெய்தது. அத்தகைய நாளில் எந்த எண்ணும் துணைக்கு வராது. பருவம் தொடங்குமுன் கிராம நிர்வாக அலுவலர்களும் நிலக்காரர்களும் வயலின் படங்களை எடுத்து, ஒரு பிரதியை வேறிடத்தில் சேர்த்து வைப்பது நல்லது. இறுக மூடும் பிளாஸ்டிக் உறைகள் இரண்டை மேல்வேட்டியின் மடிப்பிலோ வண்டியின் பெட்டியிலோ வைத்திருந்தால், உறைக்குள்ளிருந்தே படம் எடுக்கலாம். உறை மங்கினால் உட்புறத்தைத் துடைத்துவிட்டு மீண்டும் எடுக்க வேண்டும்.