இடுப்பெலும்பில் எதற்கு ஊசி?

"கட்டி கழுத்துல, ஊசி இடுப்புலயா டாக்டர்?" என்று கேட்காதவர் குறைவு. நியாயமான கேள்விதான். நிணநீர்க் கணுவில் தொடங்கும் புற்றுநோயான லிம்போமா, ரத்தம் உருவாகும் எலும்பு மஜ்ஜையிலும் குடியேறலாம். அப்படியானால் அது நான்காம் நிலை. அந்தச் சொல்லுக்கே பாதிப்பேர் இடிந்துபோகிறார்கள். ஆனால் ஹாட்ஜ்கின் வகை லிம்போமாவில் அந்த நிலையிலும் பலர் குணமாகிறார்கள்.

மஜ்ஜையில் அது இருக்கிறதா என்று பார்க்க, மரத்துப்போக ஊசி போட்டு, பின்னிடுப்பில் மஜ்ஜையை உறிஞ்சுவேன். அப்போது சுரீரென்று இழுக்கும், முன்பே சொல்லிவிடுவேன். பிறகு தீக்குச்சி மொத்தத்தில் எலும்புத் துண்டு, இரண்டு சென்டிமீட்டராவது வேண்டும். ஃபாலிகுலர் வகை லிம்போமாவின் செல்கள் எலும்புச் சட்டத்தை ஒட்டியே பதுங்குவதால் உறிஞ்சியதில் சிக்காமல் போகலாம். துண்டின் சுண்ணாம்பை நீக்கிச் சீவ வேண்டியிருப்பதால்தான் ரிப்போர்ட் தாமதம். பெட்-சிடி ஸ்கேன் எடுத்த ஹாட்ஜ்கின் நோயாளிகளுக்கு, லிம்போமாவின் நிலையைக் கணிப்பதற்கான 2014இன் லுகானோ பரிந்துரைக்குப் பின், பொதுவாக இந்த ஊசியே தேவைப்படுவதில்லை.