கூரையை உருவு... அதிகாரி வர்றார்!

வரி ஏய்ப்பில் எத்தனையோ ரகம் உண்டு. ரெண்டு கணக்குப் புத்தகம், மச்சான் பேரில் நிலம் என்று பி.காம். படித்தவனுக்குப் பாதி தெரியும். ஆனால், வீட்டையே கலைத்துப் போட்டு வரியை மிச்சம் பிடித்த ஊர் ஒன்று இத்தாலியில் இருக்கிறது சார்!

பெயர் ஆல்பெரோபெல்லோ. இத்தாலி மேப்பில் பூட்ஸ் கால் தெரிகிறதல்லவா, அதன் குதிகால் பக்கம் பூலியா மாநிலம். அங்கே பாரி நகரத்துக்குத் தெற்கே ஐம்பது கிலோமீட்டர் சொச்சத்தில், சுண்ணாம்புப் பாறை மேட்டில் உட்கார்ந்திருக்கிறது. ஜனத்தொகை சுமார் 10 ஆயிரம். வெள்ளையடித்த சுவர், மேலே ஐஸ்க்ரீம் கோனைக் கவிழ்த்த மாதிரி சாம்பல் நிறக் கல் கூரை. இந்த வீட்டுக்கு 'ட்ருல்லோ' என்று பெயர். கூரைக்குச் சாந்து, சுண்ணாம்பு எதுவும் கிடையாது. தட்டைக் கற்களை வட்டமாக அடுக்கி, ஒவ்வொரு வரிசையையும் கொஞ்சம் உள்ளே தள்ளித் தள்ளி உச்சியில் முடித்துவிடுகிறார்கள். கனத்த சுவர், கோடையில் உள்ளே குளுகுளு. கூரையில் விழும் மழைத்தண்ணீர் நேரே நிலத்தடித் தொட்டிக்கு. (அந்தப் பாறை பூமியில் தண்ணீர் மேலே தங்காது.)

ஏன் சாந்து இல்லை? அங்கேதான் விஷயம். அன்றைய நேப்பிள்ஸ் ராஜ்யத்தில் புது ஊர் உண்டாக்கினால் ராஜாவுக்கு வரி. கொன்வெர்சானோ பிரபுக்கள் காட்டைத் திருத்தக் குடியானவர்களைக் கூட்டி வந்து, "வீடு கட்டிக்கோ, சாந்து மட்டும் வைக்காதே" என்றார்கள். ராஜாவின் ஆள் வருகிறான் என்றால் கல்லை உருவிவிட வேண்டியது. "ஊரா? எந்த ஊர்? வெறும் கற்குவியல்!"

கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால், மிச்சமான வரி பிரபுவின் பைக்குப் போயிற்று. வெட்டவெளியில் நின்றது குடியானவன் பெண்டாட்டி பிள்ளை. வீடு என்று ஒன்று இருந்தும் இல்லாத பிழைப்பு!

1797-இல் ஊர்க்காரர்கள் துணிந்து ராஜா நாலாம் ஃபெர்டினாண்டிடமே முறையிட்டார்கள். மே 27-ஆம் தேதி உத்தரவு வந்தது. இனி பிரபு கிடையாது, இது ராஜாவின் ஊர்.

இப்போது மோந்தி, ஆயா பிக்கோலா என்ற இரண்டு பேட்டைகளிலும் சேர்த்து 1,600-க்கு மேல் ட்ருல்லோக்கள். 1996-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மோந்தியில் கடைகள் அதிகம். அமைதி வேண்டுமென்றால் ஆயா பிக்கோலா. மாடி வைத்த ட்ருல்லோகூட ஒன்று உண்டு. கூம்புக் கூரை போட்ட சர்ச்சும் உண்டு.

என் ஓட்டு இவற்றுக்கு இல்லை. 'காஸா தமோரே' என்று ஒரு வீடு. கூம்பு இல்லை, போட்டோவுக்கு அப்படியொன்றும் விசேஷமும் இல்லை. 1797-இல், உத்தரவு வந்த கையோடு, ஊரிலேயே முதன்முதலாகச் சாந்து வைத்துக் கட்டிய வீடு அது.