இடிக்கடவுளின் அந்தியும் ரதியின் புலம்பலும்

வீரயுகப் பாடல்களை ஒப்புநோக்கும் முயற்சி நமக்குப் புதிதன்று. பேராசிரியர் க. கைலாசபதி 1968 இல் வெளியிட்ட தமிழ் வீரயுகக் கவிதை பற்றிய ஆங்கில நூல், சங்கச் சான்றோரைக் கிரேக்கப் பாணரோடு ஒருங்கு வைத்து நோக்கியது. அவ்வொப்பீட்டின் இருபுறமும் இருந்தவை பழைய பாடல்கள். நாம் இக்கட்டுரையில் எடுத்துக்கொள்வது வேறொரு வினா: ஏட்டிலே அடங்கிவிட்ட தொன்மம் ஒன்று இன்றைய மனிதரின் தொண்டையிலும் தோலிலும் கம்பியிலும் மீண்டும் ஓசையாகும்போது யாது நிகழ்கிறது? இதற்கு நாம் தேர்ந்த எடுத்துக்காட்டுகள் இரண்டு. ஒன்று சுவீடனிலே பதிவான இசைத்தட்டு. மற்றது நானுஓயாவைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்கள் உள்ளிட்ட மலையகம் எங்கும் மாசி மாதத்தில் ஆடப்பட்டுவரும் காமன் கூத்து. கைத்தொலைபேசி வழியே உலகின் எவ்விசையும் லயத்துக் காம்பராவுக்குள் வந்துவிட்ட இக்காலத்தில் இவ்விரண்டும் ஒரே இளைஞனின் காதில் விழக்கூடியவையே.

அமன் அமார்த் என்னும் குழு 1992 இல், ஸ்டொக்ஹோமுக்குத் தெற்கேயுள்ள தும்பா என்ற ஊரில் உருவாயிற்று. வைக்கிங்குகளின் கடவுளரையும் போர்களையும் பாடுவதையே தொழிலாகக் கொண்ட இக்குழுவின் பெயர் நோர்டிக் மொழிச் சொல்லன்று. தொல்கீன் என்ற ஆங்கில எழுத்தாளர் தம் கதைகளுக்காகப் புனைந்த மொழியொன்றிலிருந்து எடுக்கப்பட்டது. பழமை மீட்பு என்பது எப்போதும் ஓரளவு புனைவே என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை. இவர்கள் 2008 இல் வெளியிட்ட 'இடிக்கடவுளின் அந்தி' என்ற தொகுப்பில் பத்துப் பாடல்கள் உள. தலைப்புப் பாடல், உலகம் அழியும் றக்னறொக் நாளில் இடிக்கடவுளான தோர், உலகைச் சுற்றிக் கிடக்கும் பாம்போடு பொருதுவதைச் சொல்வது. மூலக்கதையின்படி தோர் பாம்பைக் கொல்கிறான். ஒன்பது அடி நடந்து, அதன் நஞ்சினால் தானும் வீழ்கிறான். வென்றவனும் மடிகின்ற இம்முடிவே அவ்விசைக்கு ஏற்ற பொருளாகிறது.

அவ்விசையின் இயல்பை அறியாதாருக்குச் சில சொல்லவேண்டும். டெத் மெற்றல் என்பது ரொக் இசையின் மிகக் கடூரமான கிளைகளுள் ஒன்று. மின்கிற்றாரின் கம்பிகளை வழமையான சுருதிக்குக் கீழே தளர்த்திக் கட்டுவர். அதனால் ஒலி கனத்து மண்ணுக்குள் இறங்கியதுபோல் ஆகும். முரசுகாரர் இரு கால்களாலும் பெருமுரசை இடைவிடாது அடிப்பார். பாடகர் சுருதிசேர்ந்து பாடுவதில்லை. குரல்நாண்களுக்கு மேலேயுள்ள போலிக் குரல்மடிப்புகளை அதிரவிட்டு உறுமுவார். சொல் விளங்காது. இக்கடூரத்தின்மேல் இரு கிற்றார்கள் இணைந்து நீண்ட இன்னிசை வரிகளை மீட்டும் முறை 1990களின் நடுப்பகுதியில் சுவீடனின் கொதன்பேர்க் நகரத்துக் குழுக்களிடையே முதிர்ந்தது. அதனையே இன்னிசை டெத் மெற்றல் என்பர். அமன் அமார்த் குழுவினர் அந்நகரத்தார் அல்லரெனினும் அம்முறையையே தழுவினர். இதனை வெறும் இரைச்சல் என்று ஒதுக்குவோர், தப்பொலியை இரைச்சல் என்று ஒதுக்கிய நம்மூர்ப் பெரியமனிதரை ஒருகணம் நினைத்துக்கொள்வது நன்று.

இப்பாடல்களின் மூலங்கள் யாவை? ஐஸ்லாந்து ஏறத்தாழ 1000 ஆம் ஆண்டில் கிறிஸ்தவத்தை ஏற்றது. அதற்கு இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னரே, 1220 அளவில், ஸ்னொறி ஸ்தூர்லுசன் என்ற கிறிஸ்தவர் பழைய கடவுளரின் கதைகளைத் தொகுத்து உரைநடை எட்டாவை இயற்றினார். பாடல் எட்டா எனப்படும் தொகுதியின் முதன்மையான ஏட்டுப்பிரதி 13 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குரியது. நெடுங்காலம் டென்மார்க்கில் இருந்த அப்பிரதி 1971 இல் ஐஸ்லாந்துக்குத் திரும்பியது. ஆகவே, வழிபடுவோர் மறைந்தபின் எழுதப்பட்ட நூல்களைக் கொண்டே ஸ்கண்டினேவியர் தம் தொன்மத்தை அறிகின்றனர். இடையிலே அறுந்த கயிறு அது. அறுந்த இடத்தைப் பின்வந்தோர் தத்தம் விருப்பப்படி முடிச்சிட்டனர். வைக்கிங்கின் தலைக்கவசத்தில் கொம்பு இருந்ததாகப் பலரும் நம்புவது 1876 இல் பேரொயித்தில் அரங்கேறிய வாக்னரின் இசைநாடக உடையமைப்பினால் பரவியது. வைக்கிங்குகள் போரில் கொம்பணிந்தமைக்குச் சான்றில்லை. நாஸிகள் றூனிக் எழுத்துகளைத் தம் படையின் சின்னமாக்கினர். 1992 முதல் நோர்வேயில் வேறொரு மெற்றல் கிளையைச் சார்ந்த சிலர் பழைய மரத் தேவாலயங்களுக்குத் தீயிட்டனர். தொன்மம் எவர் கையில் இருக்கிறது என்ற கேள்வியை நாம் விடாது எழுப்புவதற்கு இவையே காரணம்.

இனி நானுஓயா. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 5,300 அடி உயரத்திலுள்ள இவ்வூருக்குப் புகையிரதப் பாதை 1885 இல் வந்தது. சுற்றியுள்ள தோட்டங்களுள் எடின்பரோ, கிளாசோ என்பன ஸ்கொத்லாந்திலிருந்து வந்த துரைமார் தம் ஊர் நினைவில் இட்ட பெயர்கள். அப்பெயர்களின் கீழ் உழைத்தவர்கள் தமிழகத்திலிருந்து கொண்டுவந்த சொத்துகளுள் பெட்டியில் வைக்கமுடியாதவை மூன்று: பொன்னர் சங்கர் கதை, அருச்சுனன் தபசு, காமன் கூத்து. இவற்றுள் காமன் கூத்தே தோட்டம் முழுவதையும் பங்காளியாக்குவது. மாசி மாத அமாவாசைக்குப் பின் வரும் மூன்றாம் பிறையையொட்டிக் காமன் கம்பம் ஊன்றப்படும். பல இரவுகள் லாவணிப் பாட்டு நடைபெறும். பௌர்ணமியளவில் வேடமிட்டோர் லயங்கள்தோறும் ஆடிவந்து, விடியுமுன் காமன் எரிக்கப்படுவான். மூன்றாம் நாள் அவனை உயிர்ப்பிக்கும் சடங்கு உண்டு. ரதி, மன்மதன், சிவன், வீரபத்திரன், எமன் முதலிய வேடங்கள் பெரும்பாலும் நேர்த்திக்கடனாக ஏற்கப்படுகின்றன. ரதியாக ஆடுபவர் மரபின்படி ஓர் ஆண். கோமாளியின் வாய்க்குத் தோட்டத்து நடப்புகளும் தப்புவதில்லை.

கதை யாவரும் அறிந்ததே. தேவர்களின் ஏவலால் சிவனின் தவத்தைக் கலைக்கப் புறப்படும் மன்மதனை ரதி தடுக்கிறாள்; தீய நிமித்தங்களைச் சொல்லி மன்றாடுகிறாள். அவன் கேளாது செல்கிறான், நெற்றிக்கண்ணில் எரிகிறான். ரதி புலம்புகிறாள், வழக்காடுகிறாள். ஈற்றில் அவளுடைய கண்ணுக்கு மட்டும் தெரியும்படி அவன் உயிர்பெறுகிறான். நோர்டிக் தொன்மத்தில் இதற்கு அணித்தான கதை தோருடையதன்று, பால்டருடையது. அழகிற் சிறந்தவனான பால்டர் தீக்கனவு காண்கிறான். தாய் பிறிக் உலகத்துப் பொருள் அனைத்திடமும் அவனைத் தீண்டுவதில்லை என்று சத்தியம் வாங்குகிறாள். புல்லுருவிச் செடியிடம் மட்டும் வாங்கவில்லை. லோகியின் சூழ்ச்சியால் அப்புல்லுருவியே, பார்வையற்ற சகோதரன் ஹோதின் கையால் எறியப்பட்டு, அவனைக் கொல்கிறது. கப்பலிலே சிதை மூட்டுகின்றனர். மனைவி நன்னா துயரால் நெஞ்சு வெடித்திறந்து அதே சிதையில் எரிகிறாள். பின்னர் ஹெர்மோட் ஒன்பது இரவுகள் குதிரையில் சென்று இறந்தோர் உலகத் தலைவி ஹெல்லிடம் பால்டரை மீட்டுத்தரக் கேட்கிறான். எல்லாப் பொருளும் அவனுக்காக அழுதால் விடுவேன் என்கிறாள் அவள். அனைத்தும் அழுகின்றன, ஓர் அரக்கி மட்டும் மறுக்கிறாள். பால்டர் அங்கேயே தங்கிவிடுகிறான். ஹெர்மோட்டின் இப்பயணத்தை அமன் அமார்த் குழுவினர் தமது 2006 ஆம் ஆண்டுத் தொகுப்பில் ஒரு பாடலாக்கினர்.

இறந்து மீளும் அழகிய தெய்வம் என்றவுடன் பிறேசரின் வளமைச் சடங்குக் கோட்பாடு நினைவுக்கு வரும். அவர் பால்டரின் பெயரையே தம் பெருநூலின் இறுதிப் பகுதிக்குத் தலைப்பாக்கினார். மாசி மாதம், கம்பம் ஊன்றல், தீ, மீட்சி என்பன அக்கோட்பாட்டுக்கு இசைவனவே. எனினும் அதனோடு நின்றுவிடுதல் போதாது. நன்னாவுக்குப் பேச்சே இல்லை. இறந்து கதையிலிருந்து விலகுகிறாள். ரதியோ இறக்க மறுத்துத் தெய்வத்தின் முன் நின்று நியாயம் கேட்கிறாள். அத்தெய்வம் முறைக்கு மாமனும் ஆவதால் வழக்கு குடும்பத்துக்குள்ளேயே நடக்கிறது. எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று பிரிந்து வாதிடும் லாவணி மரபு தமிழகத்திலும் உண்டு. ஆனால், ஏவிய பெரியவர்கள் ஒதுங்கிக்கொள்ள, ஏவலைச் செய்தவன் எரிகிறான் என்ற செய்தி, பெரட்டுக்களத்தில் தினமும் ஏவல் பெற்றவர்களின் செவியில் புராணமாக மட்டும் விழுந்திருக்காது. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராகி, 1964 இன் ஒப்பந்தத்தால் இரு அரசுகளிடையே எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்ட மக்களின் நடுவே, கண்ணுக்குத் தெரியாத உடலோடு உயிர்வாழ அனுமதிக்கப்பட்ட ஒருவனின் கதை ஆண்டுதோறும் ஆடப்பட்டது என்பதையும் சேர்த்து எண்ணவேண்டும். ஆடியவர்கள் இதனை வெளிப்படச் சொன்னார்கள் என்பது நம் வாதமன்று. சொல்லாமலேயே ஏற்கக்கூடிய வடிவமாக அக்கதை இருந்தது என்பதே நாம் கூறுவது.

வாத்தியத்திற்கு வருவோம். தப்பு, மரவளையத்தில் மாட்டுத்தோல் இழுத்துக் கட்டியது. கட்டையான குச்சியொன்றும் மெல்லிய நீண்ட குச்சியொன்றும் கொண்டு அடிப்பர். தோல் ஈரத்தை உறிஞ்சினால் தளர்ந்து ஒலி மந்திக்கும். நெருப்பில் காய்ச்சினால் இறுகிச் சுருதி ஏறும். மூடுபனி இறங்கும் நானுஓயா இரவில் இதற்காக நெருப்பு அணையாமலே இருக்கவேண்டும். மெற்றல் கலைஞன் கனத்தை நாடிக் கம்பியைத் தானே தளர்த்துகிறான். நம் கலைஞனோ தளர்த்தும் குளிரோடு இரவு முழுவதும் மல்லுக்கட்டுகிறான். முன்னது மின்சாரத்தால் பெருகும் ஓசை. பின்னது கையால் காப்பாற்றப்படும் ஓசை. இன்னொன்று: இதே தப்புத்தான் விடியற்காலையில் தொழிலாளரை வேலைக்கு எழுப்பும் பெரட்டுத் தப்பாகவும், சாவு வீட்டுத் தப்பாகவும், சாமித் தப்பாகவும் ஒலித்தது. அடி வேறு, கருவி ஒன்று. வேலைக்கு விரட்டிய கருவியையே அம்மக்கள் ரதியின் துயருக்கும் பயன்படுத்தினர்.

அக்கருவியை அடித்தவர்கள் சாதிப்படியில் கீழே வைக்கப்பட்டவர்கள். கூத்தின்றித் தோட்டத்துக்குத் திருவிழா இல்லை, தப்பின்றிக் கூத்து இல்லை. ஆயினும் தப்படிப்பவருக்கு அவைமரியாதை இல்லை. படித்த இளைஞர் சிலர் இன்று தப்பை விட்டு விலக விரும்புவதை இழிவென்று நாம் ஏசமுடியாது. அவர்கள் விலகுவது இசையிலிருந்தன்று, அதனோடு கட்டப்பட்ட அவமானத்திலிருந்து. கலையைக் காப்போம் என்று மேடையில் முழங்குவோர் இவ்வேறுபாட்டைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

அமன் அமார்த்தின் பாடல்களில் இத்தகைய சமூக உறுத்தலைக் காண்பது அரிது. பாடல் எட்டாவிலேயே அடிமை, குடியானவன், பிரபு ஆகிய மூன்று வகுப்புகளின் தோற்றத்தைச் சொல்லும் றிக்கின் பாட்டு உண்டு. வைக்கிங்குகள் அடிமை வாணிபமும் நடத்தினர்.  2008 ஆம் ஆண்டுத் தொகுப்பிலே, பைசாந்தியப் பேரரசரிடம் ஊதியத்துக்குப் போர் செய்த வறங்கியர் பற்றி ஒரு பாடல் உண்டு. ஊதியத்துக்காகக் கடல் கடந்து வாளேந்தினால் வீரன். ஊதியத்துக்காகக் கடல் கடந்து கொழுந்து பறித்தால் அதே 'கூலி' என்ற சொல் வசையாகிவிடுகிறது. கூலிப்படைக்கு உள்ள கீர்த்தி கூலிக்காரனுக்கு இல்லாமற் போனமையை வரலாற்றாசிரியரும் போதியளவு விளக்கவில்லை.

தமிழர் வாழும் நாடுகளில் இவ்விசையோடு இந்தியத் தொன்மத்தைப் பிணைத்த முயற்சியும் உண்டு. சிங்கப்பூரில் 1992 இல் தொடங்கிய ருத்ரா என்ற குழு, வேத மெற்றல் என்ற பெயரில் 1998 முதல் தொகுப்புகளை வெளியிட்டு வருகிறது. 2003 இன் தொகுப்புக்குக் குருக்ஷேத்திரம் என்று பெயர். சமஸ்கிருத மந்திரங்களும் வேதாந்தமும் அவர்களுக்குப் பொருளாயின. உழைப்பும் திறமையும் மெச்சத்தக்கன. ஆயினும் நாட்டார் தெய்வங்களையும் கூத்துக் கதைகளையும் விடுத்து மேன்மக்களின் ஏட்டு மரபையே அவர்கள் நாடியது ஏன் என்று கேட்கத் தோன்றுகிறது. ஸ்கண்டினேவியருக்கு ஏட்டைத் தவிர வேறு வழியில்லை; நமக்கு உண்டு.

அவ்வாறாயின் காமன் கூத்தை ஒரு மணிநேரப் பதிவாக்கலாமா? 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், இரவு முழுவதும் ஆடப்பட்ட கூத்தைச் சுருக்கிக் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றை அரங்கேற்றினார். கூத்து கற்றோர் கவனத்தைப் பெற்றது. தாழ்வுணர்ச்சி ஓரளவு நீங்கியது. அம்முயற்சியில் முதன்மை பெற்றவை மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடி ஆட்டங்களே. மலையகக் கூத்து அவ்வொளியில் அதிகம் நனையவில்லை. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் மலைநாட்டு மக்களின் பாடல்களைத் திரட்டி அச்சேற்றியமை பேருதவியாயிற்று. அச்சில் சொல் நிற்கும், அடி நிற்காது. ஆகவே ஒலிப்பதிவு வேண்டும் என்பதே நம் கருத்து. ஆனால் பதிவுக்கூடத்தில் அன்று, கூத்து நடக்கும் இரவிலேயே. லாவணி வாத்தியாரின் பெயருக்கு நிகராகத் தப்படிப்போர் ஒவ்வொருவரின் பெயரும், அவர்கள் விரும்பினால், உறையில் இடம்பெறவேண்டும். விற்பனையில் பங்கும் எழுத்திலே உறுதிசெய்யப்படவேண்டும். ஒலிவாங்கிகளுள் ஒன்றைத் தப்புக் காய்ச்சும் நெருப்பருகே வைக்கவேண்டும். பனியில் தளர்ந்த தோல் சூடேறிச் சுருதிக்கு வரும்வரை கலைஞர்கள் தட்டிப்பார்க்கும் அந்தச் சில நிமிடங்களை எந்த எழுத்துப் பிரதியும் இதுவரை நமக்குத் தரவில்லை.