சூலக்கரையில் எத்தனை எழுத்து?

விருதுநகரை அடுத்துள்ள சூலக்கரை என்னும் ஊரின் பெயரை எடுத்துக்கொள்வோம். அதில் எத்தனை எழுத்துகள் உள்ளன? சூ, ல, க், க, ரை என ஐந்து எழுத்துகள் என்று தொடக்கப் பள்ளி மாணவரும் சொல்லிவிடுவார். இதே கேள்வியை ஹாஸ்கெல் என்னும் கணிப்பொறி மொழியில் கேட்டால் 8 என்று விடை வருகிறது. கணிப்பொறி பிழை செய்துவிட்டதா? இல்லை. நாம் கேட்டது ஒரு கேள்வி; அது விடை சொன்னது வேறொரு கேள்விக்கு.

ஹாஸ்கெல் மொழியின் முதல் வடிவம் 1990இல் வெளிவந்தது. அமெரிக்கத் தருக்கவியல் அறிஞர் ஹாஸ்கெல் கர்ரியின் நினைவாக இப்பெயர் சூட்டப்பட்டது. இம்மொழியில் நிரல் என்பது கணிதச் சார்புகளின் கோவையே ஆகும். ஒரே உள்ளீட்டைக் கொடுத்தால் சார்பு எப்போதும் ஒரே விடையைத் தரும். சென்னையை அடுத்த சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனத்தின் பேராசிரியர்கள் மாதவன் முகுந்த், எஸ். பி. சுரேஷ் ஆகியோர் என்பிடெல் வழியாக இம்மொழியைக் கற்பித்துள்ளனர்.

எட்டு எப்படி வந்தது?

யூனிகோடு என்னும் ஒருங்குறியில், அகரம் ஏறியவை தவிர மற்ற உயிர்மெய் எழுத்துகளுக்குத் தனி இடம் கிடையாது. அகரம் ஏறிய மெய்யின் வரிவடிவத்திற்கு ஓர் எண். துணைக்குறிக்கு மற்றோர் எண். புள்ளிக்கும் ஓர் எண். ஆகவே சூ என்பது 'ச'வும் ஊகாரக் குறியும் சேர்ந்த இரண்டு. க் என்பது 'க'வும் புள்ளியும் சேர்ந்த இரண்டு. ரை என்பதும் இரண்டு. இவற்றோடு ல, க ஆகியவை ஒவ்வொன்று. மொத்தம் எட்டு. ஹாஸ்கெல் எண்ணியது இந்தக் குறிகளைத்தான்.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று நீங்கள் கேட்கலாம். முகவரிச் சீட்டில் 7 இடங்களே உள்ளன என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஏழு குறிகளை மட்டும் எடுத்தால் ஊரின் பெயர் 'சூலக்கர' என்று நின்றுவிடும். முருகன் என்பவரின் மகளுக்கு முதலெழுத்து 'மு' என வரவேண்டும். முதல் குறியை எடுத்தால் 'ம' என்று அச்சாகும். சான்றிதழில் இது சிறு பிழையன்று.

சரமும் பெட்டியும்

இனி, இந்த எட்டுக் குறிகளும் நினைவகத்தில் எவ்வாறு வைக்கப்படுகின்றன என்று காண்போம். ஹாஸ்கெலில் இதற்கு இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி ஸ்ட்ரிங். 2018இல் உச்ச நீதிமன்றம் தடை விதிக்கும் முன் சிவகாசி வட்டாரத்தில் செய்யப்பட்ட சரவெடியை நினைத்துப் பாருங்கள். ஒரு வெடி அடுத்ததற்கு நெருப்பைக் கடத்துவதுபோல், ஸ்ட்ரிங்கில் ஒவ்வொரு கண்ணியும் அடுத்த கண்ணி இருக்குமிடத்தைக் காட்டுகிறது. சரத்தின் தலையில் புதிதாக ஒன்றைக் கட்டுவது எளிது. வால் பகுதி இன்னும் உருவாகாத நிலையிலும் தலையிலிருந்து வேலையைத் தொடங்கலாம். தேவைப்படும்போதுதான் கணக்கிடுவது ஹாஸ்கெலின் இயல்பு. ஆனால் நூறாவது குறியை அடைய வேண்டுமானால் முன்னுள்ள 99ஐயும் கடந்தே தீரவேண்டும்.

இடமும் மிகுதியாகச் செலவாகிறது. 64 பிட் கணிப்பொறியில், ஜிஎச்சி என்னும் தொகுப்பியைப் பயன்படுத்தும்போது, கண்ணிக்கு 24 பைட்டும் அதிலுள்ள தமிழ்க் குறிக்கு 16 பைட்டுமாக 40 பைட்டு தேவை. ஆங்கில எழுத்துகளைப் பல கண்ணிகளும் பொதுவாகப் பகிர்ந்துகொள்ள முடிவதால் அவற்றுக்குப் பெரும்பாலும் 24 பைட்டு போதும். சூலக்கரைக்கு 320 பைட்டு ஆகிறது!

இரண்டாம் வழி டெக்ஸ்ட். இது வெடிகளைப் பெட்டியில் நெருக்கமாக அடுக்குவது போன்றது. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட்டு வீதம் 24 பைட்டும், பெட்டிக்கென ஏறத்தாழ 48 பைட்டும் சேர்ந்து 72 பைட்டில் அடங்கிவிடும். ஆனால் முன்னால் ஒரு குறியைச் சேர்க்க வேண்டுமானால் முழுவதையும் புதிய பெட்டிக்கு மாற்றவேண்டும். பெரிய கோப்புகளுக்கென, பல பெட்டிகளைச் சரமாகக் கோத்த இடைவழி ஒன்றும் உண்டு.

இரண்டிலிருந்து மூன்று

டெக்ஸ்ட் நூலகம் முன்பு யூடிஎஃப்-16 முறையைப் பின்பற்றியது. அதில் ஆங்கில எழுத்துக்கும் தமிழ்க் குறிக்கும் 2 பைட்டுதான். 2021இல் வந்த இரண்டாம் பதிப்பு யூடிஎஃப்-8க்கு மாறியது. கோப்புகளும் இணையச் செய்திகளும் பெரும்பாலும் இம்முறையிலேயே இருப்பதால் ஒவ்வொரு முறையும் உருமாற்றும் வேலை குறைந்தது. ஆங்கில எழுத்து 2 பைட்டிலிருந்து 1 ஆகச் சுருங்கியது. தமிழ்க் குறியோ 3 ஆக வளர்ந்தது. உருமாற்றம் குறைந்த நன்மை தமிழுக்கும் கிடைத்தது. ஆனால் அதற்கான விலை எல்லா மொழிக்கும் ஒன்றாக இல்லை.

எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரும் டேஸ்-16 முறையையும் ஒருங்குறியோடு சேர்த்துத் தமிழ்நாடு அரசு 2010இல் தரமாக ஏற்றது. அதில் சூலக்கரை ஐந்தே எண்களில் அடங்கும். எனினும் அது ஒருங்குறியில் தனிப் பயன்பாட்டுக்கு விடப்பட்ட பகுதியில் அமைந்திருப்பதால், அதனை அறியாத மென்பொருள்களுக்கு அந்த எண்கள் பொருளற்றவையே.

எதைத் தேர்வது?

சிறு பயிற்சிகளுக்கு ஸ்ட்ரிங் போதும். ஆயிரக்கணக்கான பெயர்களைக் கையாளும் பட்டியலுக்கு டெக்ஸ்ட் ஏற்றது. ஆனால் எதைத் தேர்ந்தாலும் எட்டு ஐந்தாகிவிடாது. அதற்கென நாமே விதி எழுதவேண்டும். துணைக்குறியா என்று சோதிக்கும் 'இஸ்மார்க்' என்னும் சார்பு ஹாஸ்கெலில் உண்டு. அதனைக் கொண்டு ஊகாரக் குறி, புள்ளி, ஐகாரக் குறி ஆகிய மூன்றையும் நீக்கி எண்ணினால் ஐந்து கிடைக்கும். ஆனால் இந்த விதி 'க்ஷ' என்பதை இரண்டாக எண்ணும். அது ஒன்றா, இரண்டா என்பதை நிரல் எழுதுபவரே முடிவு செய்யவேண்டும்.

இப்போது உங்கள் பெயரைத் தாளில் எழுதுங்கள். எழுத்துகளை ஒருமுறையும் குறிகளை ஒருமுறையும் எண்ணுங்கள். இரண்டும் ஒன்றாக வந்தால், உங்கள் பெயரில் புள்ளியும் இல்லை, துணைக்குறியும் இல்லை என்று அறியலாம். அத்தகைய பெயர்கள் தமிழில் எத்தனை இருக்கும்?